சாண்ட்விச் முதல் சோக்கா வரை: எங்கள் லைன் வீட்டு அடுப்படியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு நடுவே ஒரு லைன் வீட்டில் இருக்கிறேன். ஒரே காம்பவுண்டுக்குள் ஒன்பது குடும்பங்கள். தாராபுரத்துக்காரர்கள், கோபிக்காரர்கள், பீகாரில் இருந்து வந்தவர்கள், ஒடிசாக்காரர்கள், போன வருஷம் குடிவந்த இலங்கைத் தமிழ்க் குடும்பம் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை பொழுதோட யாராவது ஒரு வீட்டு அடுப்பு எல்லாருக்குமாக எரியும். பிள்ளைகள் சாண்ட்விச் கேட்டு அடம்பிடித்ததில் தொடங்கிய பழக்கம் இது. வாரா வாரம் வெவ்வேறு ஆட்கள் அதே கேள்விகளைக் கேட்கிறார்கள். வாய் வலிக்கிறது, எழுதி வைத்துவிடுகிறேன்.

சாண்ட்விச் வெள்ளைக்காரன் சாப்பாடுதானே, நமக்கு எதுக்குங்க?

பேர் அவர்களுடையது, அது சரி. இங்கிலாந்தில் கென்ட் பகுதியில் சாண்ட்விச் என்று ஓர் ஊர் இருக்கிறது. மணல் இடத்து ஊர் என்று பொருள். நம் பக்கம் என்றால் மணலூர் என்றிருப்போம். அந்த ஊரைப் பட்டப் பெயராகக் கொண்ட நான்காம் பிரபு ஜான் மாண்டேகு (1718–1792). சீட்டாட்ட மேசையை விட்டு எழ மனமில்லாமல், கறியை ரொட்டிக்கு நடுவே வைத்துக் கொண்டுவரச் சொன்னார் என்பது கதை. இல்லை, அலுவலக மேசையில் வேலை பார்த்தபடி சாப்பிடத்தான் கேட்டார் என்று அவருக்குப் பரிந்து பேசுபவர்களும் உண்டு. எட்வர்ட் கிப்பன் என்ற வரலாற்று ஆசிரியர் 1762-இல் தன் நாட்குறிப்பில் இந்தச் சொல்லை உணவின் பெயராக எழுதியிருக்கிறார்.

ஆனால் இரண்டு தட்டைக்கு நடுவே ஒன்றை வைத்துக் கடிக்க யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. சேலத்துக்குப் போனால் தட்டுவடை செட் சாப்பிடாமல் வருவோமா? கடைக்காரர் இடது கையில் ஒரு தட்டுவடையை வைத்துக்கொண்டு, கரண்டி முதுகால் காரச் சட்னியைத் தடவுவார். அதன்மேல் துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம் கொஞ்சம், மேலே பச்சைச் சட்னி, இன்னொரு தட்டுவடையால் மூடல். அழுத்த மாட்டார், அழுத்தினால் நொறுங்கிவிடும். தட்டில் வைத்த கையோடு வாயில் போட்டுவிட வேண்டும். பேசிக்கொண்டு நின்றால் நமுத்துவிடும். அதைவிட நல்ல சாண்ட்விச் எனக்குத் தெரியாது.

காலையில் கட்டிக் கொடுத்தது மத்தியானத்துக்குள் சொதசொதவென்று ஆகிவிடுகிறது. என்ன செய்வது?

அதிகம் வரும் கேள்வி இதுதான். நானும் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். என் மகள் பள்ளி ஆண்டு விழாவுக்கு விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து அறுபது தக்காளி சாண்ட்விச் செய்தேன். தோசைக்கல்லில் இருந்து எடுத்த சூட்டோடு எவர்சில்வர் அடுக்கில் அடுக்கி, இறுக்கமாக மூடிக் கொண்டுபோனேன். பதினோரு மணிக்குத் திறந்து ஒன்றை எடுத்தால் மேல் ரொட்டி மட்டும் கையோடு வந்தது. கீழ் ரொட்டி அடுத்த சாண்ட்விச்சோடு ஒட்டிக்கொண்டு களி மாதிரி கிடந்தது. பிள்ளைகள் கரண்டியில் தின்றார்கள்.

ஈரம் மூன்று வழியாக வருகிறது: காய், சட்னி, சூடு. வெள்ளரிக்காயில் நூற்றுக்கு 95 பங்கு தண்ணீர். வட்டவட்டமாக அரிந்து, சிட்டிகை உப்புத் தூவிப் பத்து நிமிஷம் வட்டிலைச் சாய்த்து வையுங்கள். கீழே தண்ணீர் கட்டி நிற்பதைப் பார்த்தால் உங்களுக்கே புரிந்துவிடும். துணியில் ஒற்றி எடுத்த பிறகுதான் ரொட்டிக்குள் போக வேண்டும். தக்காளியில் விதையும் சாறும் உள்ள நடுப்பகுதியை வழித்து ரசத்துக்கு வைத்துக்கொண்டு, சதையை மட்டும் வையுங்கள். சட்னியைப் பற்றி அடுத்த கேள்வியில் சொல்கிறேன்.

சூடுதான் கண்ணுக்குத் தெரியாமல் கெடுப்பது. சுட்ட ரொட்டி ஆறும்போது ஆவி விடும். டப்பாவை மூடினால் அந்த ஆவி மூடியில் முத்துமுத்தாகத் தேங்கி மறுபடி ரொட்டி மேலேயே சொட்டும். முறத்தில் பரப்பி முழுசாக ஆறவிட்டு, பிறகு கட்டுங்கள்.

இன்னொன்று, வெண்ணெய். ருசிக்கு என்று நினைத்து நடுவில் மட்டும் ஒரு இழுப்பு இழுப்பார்கள். ஓரம் வரை மெல்லியதாகப் பூசினால் நெய்ப்பசை காயின் தண்ணீரை ரொட்டிக்குள் இறங்க விடாது. இங்கிலாந்தில் மாலைத் தேநீரோடு கொடுக்கும் வெள்ளரி சாண்ட்விச் இந்த ஒரு சூட்சுமத்தில்தான் நிற்கிறது. இரண்டு துண்டுக்கும் பூச வேண்டும்.

எந்தச் சட்னி பூசலாம்? தேங்காய்ச் சட்னி ஆகுமா?

ஆகாது. பொள்ளாச்சிக்காரர்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. தேங்காய்ச் சட்னி நிற்க நிற்கத் தண்ணீர் விடும், வேசகாலத்தில், அதாவது கோடையில், சீக்கிரமே ஊசியும் போகும். வறுத்து அரைத்த கெட்டித் துவையல் என்றால் வீட்டில் உடனே சாப்பிட மட்டும் பூசலாம்.

சாண்ட்விச்சுக்கு என்றே பிறந்தது கடலைக்காய்ச் சட்னி. 100 கிராம் நிலக்கடலையை மிதமான தீயில் தோல் உரிந்து வரும்வரை வறுத்து, ஆறியதும் தேய்த்துப் புடைத்துக்கொள்ளுங்கள். வரமிளகாய் நான்கு, பூண்டு இரண்டு பல், கோலிக்குண்டில் பாதி அளவு புளி, கல் உப்பு. முதலில் தண்ணீர் இல்லாமல் பொடித்துவிட்டு, அப்புறம் ஒவ்வொரு கரண்டியாகத் தண்ணீர் விட்டு அரையுங்கள். இரண்டு மூன்று கரண்டிக்கு மேல் வேண்டியிருக்காது. பதம் எப்படித் தெரியும் என்றால், கரண்டியில் அள்ளிக் கவிழ்த்தால் விழக் கூடாது, ரொட்டியில் தடவினால் கிழிக்கவும் கூடாது.

பச்சைச் சட்னி வேண்டும் என்றால் மும்பைக்காரர்கள் வழி இருக்கிறது. கொத்தமல்லித்தழை, கொஞ்சம் புதினா, பச்சை மிளகாய், எலுமிச்சம்பழம். அதில் ஒரு கைப்பிடி பொட்டுக்கடலை சேர்த்து அரைத்தால் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். மும்பைத் தெருச் சாண்ட்விச்சில் இந்தச் சட்னியோடு வேகவைத்த உருளைக்கிழங்கு, பீட்ரூட், வெள்ளரி, தக்காளி, வெங்காயம் எல்லாம் வரிசையாக வரும். சேலத்துத் தட்டுவடை செட்டையும் அதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி இருக்கும்.

கடை வெண்ணெயா, ஊத்துக்குளி வெண்ணெயா?

ஊத்துக்குளி பக்கத்தில் இருக்கும்போது எனக்கு இதில் கேள்வியே இல்லை. ஆனால் அதில் உப்பு இருக்காது. ரொட்டிக்குப் பூசும் முன் பொடி உப்பு ஒரு சிட்டிகை போட்டுக் குழைத்துக்கொள்ளுங்கள். ஃப்ரிட்ஜில் இருந்து எடுத்த கையோடு பூசினால் ரொட்டி பிய்ந்து வரும், அரை மணி நேரம் வெளியே இருக்கட்டும்.

பிள்ளைகள் மயோனைஸ் கேட்கிறார்கள். வீட்டில் செய்யலாமா?

பச்சை முட்டையில் அடித்துச் செய்வது நம் வெயிலுக்கு வேண்டாத வேலை. சால்மோனெல்லா போன்ற கிருமி அதில் எளிதாகப் பெருகும். தமிழ்நாடு அரசே 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குப் பச்சை முட்டை மயோனைஸைச் செய்யவும் விற்கவும் தடை போட்டது. அதற்குப் பதிலாகத் தயிரை மெல்லிய துணியில் கட்டி, ஃப்ரிட்ஜில் ஒரு பாத்திரத்துக்கு மேல் மூன்று நான்கு மணி நேரம் தொங்கவிடுங்கள். வடிந்த தயிரில் வேகவைத்த முட்டையின் மஞ்சள் கரு ஒன்று, மிளகுத்தூள், உப்பு, நுனிவிரல் அஸ்கா (சர்க்கரை). நன்றாகக் குழைத்தால் என் மகனுக்கு வித்தியாசம் தெரியவில்லை. மகளுக்குத் தெரிந்துவிட்டது, ஆனாலும் சாப்பிட்டாள்.

ரொட்டியை ஃப்ரிட்ஜில் வைக்கலாமா?

வைத்தால் பூசணம் சீக்கிரம் பிடிக்காது, ஆனால் ரொட்டி விறைத்துப் போகும். காய்ந்துபோய் அப்படி ஆவதில்லை. வெந்த மாவுச்சத்து ஆறியபிறகு மறுபடி இறுக ஆரம்பிக்கும். ஃப்ரிட்ஜின் குளிரில் அது வேகமாக நடக்கும். ராத்திரி ஃப்ரிட்ஜில் வைத்த இட்லி காலையில் கல்லாக இருக்கிறதே, அதே கதை. இட்லியை மறுபடி ஆவியில் காட்டினால் இளகுகிற மாதிரி ரொட்டியும் சூட்டில் இளகும்.

இரண்டு நாளில் தீர்ந்துவிடும் என்றால் வெளியிலேயே இருக்கட்டும். தீராது என்றால் ஃப்ரீசரில் வையுங்கள், ஒவ்வொரு துண்டாக எடுத்து நேரே தோசைக்கல்லில் போடலாம். ஐப்பசி மழையில் ஒரு ஓரத்தில் பச்சை பூத்துவிட்டால் அந்த இடத்தை மட்டும் கிள்ளிவிட்டுச் சாப்பிடாதீர்கள். மெத்தென்ற ரொட்டிக்குள் பூசணத்தின் வேர் கண்ணுக்குத் தெரியாமல் ஓடியிருக்கும். முழுசாகக் குப்பைக்கு.

பழுப்பு நிறமாக இருந்தால் கோதுமை ரொட்டியா?

நிறத்தை நம்ப வேண்டாம், பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள். எது அதிக எடையோ அதைத்தான் முதலில் எழுத வேண்டும் என்பது சட்டம். முதலில் மைதா என்று இருந்தால் அது மைதா ரொட்டி, கடைசியில் 150 என்று தொடங்கும் எண் இருந்தால் கேரமல் நிறம் சேர்த்திருக்கிறார்கள். கேரமல் விஷம் ஒன்றும் இல்லை, கோதுமை என்று நினைத்து அதிக விலை கொடுக்காமல் இருந்தால் போதும். ரொட்டி நன்றாக உப்பி வர மாவில் சேர்த்துவந்த பொட்டாசியம் புரோமேட் பற்றிச் சிலர் பயந்து கேட்கிறார்கள். இந்தியாவில் 2016-லேயே அதைத் தடை செய்துவிட்டார்கள்.

டோஸ்டர் இல்லை.

தோசைக்கல் இருக்கிறதல்லவா. கல்லை மிதமாகச் சூடாக்கி, ரொட்டியின் வெளிப்பக்கத்தில் வெண்ணெய் தடவிப் போடுங்கள். மேலே ஒரு சின்னத் தட்டு, தட்டின்மேல் தண்ணீர் நிரப்பிய சொம்பு. அந்தக் கனம் போதும். தீயை ஏற்றினால் மேலே கருகி உள்ளே சில்லென்று இருக்கும். ரொட்டி பொன்னிறமாகி அந்த வாசம் வர 140 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு வேண்டும், ஆனால் உள்ளே இருப்பதற்கு நேரம் வேண்டும். பக்கத்துக்கு இரண்டு மூன்று நிமிஷம் நிதானமாக விடுங்கள்.

முந்தின நாள் மீந்ததை உள்ளே வைக்கலாமா?

தாராளமாக, பதம் சரியாக இருந்தால். எங்கள் வீட்டில் முதல் மரியாதை கொள்ளுக்குத்தான். கொள்ளை வேகவைத்து, தண்ணீரை ரசத்துக்கு இறுத்துவிட்டு, சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், வரமிளகாய் வதக்கிச் சேர்த்துக் கரகரப்பாக அரைத்த கொள்ளுப் பருப்பு இருக்கிறதே, அது மறுநாள் இன்னும் கெட்டிப்படும். அதை ரொட்டியில் தடவி மேலே நல்லெண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள். அரபு நாடுகளில் கொண்டைக்கடலையை எள் விழுதோடு அரைத்து ஹம்முஸ் என்று ரொட்டிக்குத் தொட்டுக்கொள்கிறார்கள். அங்கே எள் விழுது, இங்கே எள்ளெண்ணெய். துபாயில் இருந்துவிட்டு வந்த எங்கள் ஒறம்பரை (சொந்தக்காரர்) ஒருவர் இதைத் தின்றுவிட்டு, “அங்க இதுக்குப் போய் திர்ஹாம் கொடுத்தனே” என்று நொந்துகொண்டார்.

பள்ளிபாளையம் சிக்கன் மீந்தால் அதுவும் அருமை. அதில் மசாலாப் பொடி கிடையாது, குழம்பும் இருக்காது. வரமிளகாய், சின்ன வெங்காயம், தேங்காய்ச் சில்லு அவ்வளவுதான். எலும்பை நீக்கிப் பிய்த்து, மிளகாயைப் பொறுக்கிவிட்டு வையுங்கள். தேங்காய்ச் சில்லை எடுத்துவிடாதீர்கள், கடிபடுவதே அது ஒன்றுதான்.

அரிசியும் பருப்பும் சேர்த்து ஆக்கும் அரிசிம்பருப்புச் சோற்றை ஒருவர் ரொட்டிக்குள் வைத்துக் கொடுத்தார். எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் சிரிக்கவும் மாட்டேன். ஜப்பானில் வதக்கிய நூடுல்ஸைப் பன்னுக்குள் வைத்து விற்கிறார்கள், இங்கிலாந்தில் பொரித்த உருளைக்கிழங்கை ரொட்டிக்குள் வைக்கிறார்கள், மும்பையில் வடா பாவ் இருக்கிறது. மாவுக்குள் மாவு வைப்பது உலகம் முழுக்க நடக்கிற காரியம்.

கட்டிக் கொடுத்தால் எவ்வளவு நேரம் தாங்கும்?

முட்டை, கோழி, தயிர், பனீர் உள்ளது என்றால் வெளியே இரண்டு மணி நேரம். வெயில் 32 டிகிரிக்கு மேல் ஏறினால் ஒரு மணி நேரம்தான் கணக்கு. நம் பங்குனி, சித்திரையில் காலை பத்து மணிக்கே அதைத் தாண்டிவிடும். ஆகவே மத்தியானம் சாப்பிடுகிற கம்பெனி டப்பாவுக்குக் கடலைக்காய்ச் சட்னியும் காயும் வையுங்கள், கோழியை ஞாயிற்றுக்கிழமைக்கு வையுங்கள்.

பக்கத்து வீட்டு வடநாட்டுக்காரர்களிடம் என்ன கற்றுக்கொண்டீர்கள்?

நிறைய. முதலில் சோக்கா, சுட்ட கத்தரிக்காய் மசியல். மூன்றாவது வீட்டுப் பீகார்க்காரப் பெண்ணை நான் பாபி என்று கூப்பிடுவேன், அவள் என்னை அக்கா என்பாள். ஒருநாள் கத்தரிக்காய் கருகுகிற வாசம் வந்து, ஏதோ தீய்ந்துவிட்டது என்று ஓடினேன். அவள் அடுப்பு மேலேயே பெரிய கத்தரிக்காயைக் காம்பைப் பிடித்துத் திருப்பிக்கொண்டிருந்தாள். காயைக் கீறி உள்ளே பூண்டுப் பல்லைச் செருகியிருந்தாள். தோல் முழுக்கக் கரியாகி, உள்ளிருந்து ‘புஸ்’ என்று ஆவி வெளியேறும்போதுதான் இறக்கினாள். நான் பழக்கத்தில் குழாயைத் திறந்து கழுவப் போனேன். “அக்கா, தண்ணி வேண்டாம், வாசம் போயிடும்” என்று கையைப் பிடித்துக்கொண்டாள். விரலாலேயே தோலை உரித்து, அதேபோல் சுட்ட தக்காளியோடு மசித்து, வெங்காயம், பச்சை மிளகாய், மல்லித்தழை, உப்பு. கடைசியில் பச்சையாகக் கடுகெண்ணெய்.

எவ்வளவு எண்ணெய் என்று கேட்டேன். பாட்டிலைச் சாய்த்து, “ஏக், தோ” என்று எண்ணி நிமிர்த்தினாள். அதுதான் அளவு. அப்புறம் நான் தேக்கரண்டியில் அளந்து பார்த்தேன், இரண்டு தேக்கரண்டி வந்தது. கடுகெண்ணெய்க்குப் பதிலாக நம் கடலையெண்ணெய் விட்டால் என்ன என்றதற்கு முகத்தைச் சுளித்தாள். ஒருமுறை விட்டுப் பார்த்தேன், அவள் சொன்னதுதான் சரி. எண்ணெயின் அந்தக் காரம் மூக்கில் ஏறினால்தான் அது சோக்கா, இல்லாவிட்டால் கத்தரிக்காய்க் கொத்சு.

பீகாரில் இதை லிட்டியோடு சாப்பிடுவார்கள். லிட்டி என்பது கோதுமை மாவு உருண்டைக்குள் சத்து என்ற வறுத்த கடலை மாவை வைத்துச் சுட்டு நெய்யில் முக்குவது. நம் பொட்டுக்கடலை மாவுக்கு அது நெருங்கிய சொந்தம். நான் சோக்காவை வெண்ணெய் பூசிச் சுட்ட ரொட்டிக்கு நடுவே வைத்தேன். தக்காளி கொஞ்சம் நீர்க்கச் செய்ததால் ஒரு கரண்டி பொட்டுக்கடலை மாவு தூவினேன், பதம் வந்துவிட்டது. பாபி ஒன்றைச் சாப்பிட்டுவிட்டு, பேசாமல் இரண்டாவதை எடுத்துக்கொண்டாள்.

பதிலுக்கு அவள் கேட்டது செலவு ரசம், மசாலாச் சாமான்களை அரைத்து வைக்கும் எங்கள் பக்கத்து ரசம். எத்தனை நிமிஷம் கொதிக்க வேண்டும் என்றாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நுரை கட்டி மேலே வரும், கொதி வெடிக்கும் முன் இறக்கிவிடு என்றேன். அடுப்படியில் என் பக்கத்தில் நின்று ஒருமுறை பார்த்தாள், அவ்வளவுதான்.

ஒடிசாக்காரர்களிடம் கற்றுக்கொள்ளவே ஒன்றும் இல்லாமல் போனது ஒரு விஷயத்தில்: அவர்களுடைய பகாளாவும் நம் பழைய சோறும் ஒன்று. அவர்கள் மார்ச் 20-ஆம் தேதியைப் பகாளா நாள் என்று கொண்டாடுகிறார்கள். நாம் பழைய சோற்றுக்கு நாள் குறிக்கவில்லை. அவர்கள் தொட்டுக்கொள்வது வறுத்து நொறுக்கிய வடகத்தில் பூண்டும் வெங்காயமும் பச்சை மிளகாயும் சேர்த்தது. இப்போது எங்கள் வீட்டில் மோர்மிளகாய்க்குப் பதில் அதுதான்.

இலங்கைத் தமிழர்கள் ரொட்டியைப் ‘பாண்’ என்கிறார்களே, ஏன்?

போர்ச்சுக்கீசியர் ரொட்டிக்குச் சொன்ன சொல் இலங்கையில் பாண் ஆனது, மேற்குக் கரையில் பாவ் ஆனது. வடா பாவில் உள்ள பாவும் பாணும் அக்கா தங்கை. நாம் பொதுவாக ரொட்டி என்கிறோம், பிரெட் என்கிறோம்.

சொல்லைவிட எனக்கு வியப்பாக இருந்தது பழக்கம். நம் பக்கம் என் அம்மா காலத்தில் ரொட்டி என்றால் காய்ச்சல்காரர்களுக்கு. பாலில் தோய்த்துக் கொடுப்பார்கள். யாராவது ரொட்டி வாங்கிப் போனால் “ஏனுங்க, ஊட்ல யாருக்கு ஒடம்பு செரியில்ல?” என்றுதான் கேட்பார்கள். ஏழாவது வீட்டு அக்காவுக்கு அது அன்றாடச் சாப்பாடு. வெட்டாத முழுப் பாணைக் கையால் பிய்த்து, பருப்போடும் தேங்காய்ச் சம்பலோடும் ராத்திரிக்குச் சாப்பிடுகிறார்கள். சம்பலில் தேங்காயை அரைப்பதில்லை, இடிக்கிறார்கள், தேசிக்காய்ப்புளி விடுகிறார்கள். தேசிக்காய் என்றால் நம் எலுமிச்சை. அரைக்காததால் அது தண்ணீர் விடுவதில்லை. தேங்காய் ரொட்டிக்கு ஆகாது என்று நான் மேலே சொன்னதற்கு இது ஒரு விலக்கு, அக்காவுக்காகச் சேர்த்திருக்கிறேன்.

வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கும் அவர்கள் நண்பர்களுக்கும் செய்முறை எழுதி அனுப்பும்போது எதில் கவனம் வேண்டும்?

பேரிலும் அளவிலும். என் சித்தி மகள் அமெரிக்காவில் இருக்கிறாள். அவளுடைய பக்கத்து வீட்டு அம்மாளுக்காகப் பச்சைச் சட்னியை ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினேன். கொத்தமல்லிக்குக் ‘கொரியாண்டர்’, ஒரு கைப்பிடி என்று. அங்கே தழைக்குச் ‘சிலான்ட்ரோ’ என்று பேர், கொரியாண்டர் என்றால் விதை. அந்த அம்மாள் ஒரு கைப்பிடி கொத்தமல்லி விதையைப் பச்சையாக மிக்ஸியில் போட்டு அரைத்து, மரியாதைக்கு ஒரு வாய் சாப்பிட்டும் இருக்கிறார். கான்ஃப்ளவரும் அப்படித்தான். நம் கடையில் அந்தப் பேரில் வருவது வெள்ளை மாவுச்சத்து. அமெரிக்காவில் அதற்குக் கான்ஸ்டார்ச் என்று பேர், கான்ஃப்ளவர் என்று கேட்டால் மக்காச்சோள மாவு கிடைக்கும்.

அமெரிக்கக் கப் என்பது ஏறக்குறைய 240 மில்லி. நம் வீட்டு டம்ளர் வீட்டுக்கு வீடு மாறும். உங்கள் டம்ளரில் எத்தனை மில்லி பிடிக்கிறது என்று ஒருமுறை அளந்து எழுதி ஒட்டிவிடுங்கள். மேசைக்கரண்டி மற்ற இடங்களில் 15 மில்லி, ஆஸ்திரேலியாவில் 20. அவர்கள் 350 டிகிரி என்று எழுதினால் அது ஃபாரன்ஹீட், நமக்கு 175 முதல் 180 வரை. உப்பு ஒரு கரண்டி என்றால் கல் உப்பா, பொடி உப்பா என்று சேர்த்து எழுதுங்கள். அதே கரண்டியில் பொடி உப்பு அதிகமாகப் பிடிக்கும்.

மிளகாய்க்கு எண்ணிக்கை எழுதவே கூடாது என்பது என் கட்சி. நான்கு என்று நான் எழுதுவது என் வீட்டு மிளகாயை மனதில் வைத்து. அவர்கள் சந்தையில் கிடைப்பது வேறு சாதி. ஒன்றைப் போட்டு அரைத்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு மேலே போடச் சொல்லுங்கள். மேலே கடலைக்காய்ச் சட்னிக்கு நானே நான்கு என்று எழுதியிருக்கிறேன், தெரியும். நிமிஷக் கணக்கும் அப்படித்தான். அவர்கள் அடுப்பு வேறு, பாத்திரம் வேறு. ‘ஐந்து நிமிஷம் வறுக்கவும்’ என்பதற்குப் பதில் ‘தோல் உரிந்து வரும்வரை’, ‘வெங்காயம் கண்ணாடி போல ஆகும்வரை’, ‘எண்ணெய் ஓரத்தில் பிரியும்வரை’ என்று பதத்தை எழுதினால் எந்த ஊர் அடுப்பிலும் வரும்.

அடுத்தவர்கள் பண்டத்தை நம் இஷ்டத்துக்கு மாற்றலாமா?

மாற்றாமல் எதுவும் ஊர் விட்டு ஊர் போனதில்லை. வியட்நாமுக்குப் பிரெஞ்சுக்காரர்கள் நீள ரொட்டியைக் கொண்டுபோனார்கள். அந்த ஊர்க்காரர்கள் அதற்குள் புளிப்பில் ஊறிய கேரட்டும் முள்ளங்கியும் மல்லித்தழையும் மிளகாயும் வைத்து பான் மீ என்று ஆக்கிவிட்டார்கள். இன்று உலகம் முழுக்க அது வியட்நாம் பண்டம். ஆனால் முதல்முறை அவர்கள் சொன்னபடியே செய்துவிடுங்கள். கடுகெண்ணெய் விஷயத்தில் நான் அவசரப்பட்டதைச் சொன்னேன் அல்லவா. எது அதன் உயிர், எது அந்த ஊரில் கிடைத்ததால் போட்டது என்பது ஒருமுறை செய்தால்தான் பிடிபடும். மாற்றிய பிறகு அவர்களுக்கே கொடுத்துப் பாருங்கள். எங்கள் காம்பவுண்டில் அதற்குப் பயந்தே பாதிப் பேர் ஒழுங்காகச் செய்கிறார்கள்.

எல்லாரும் சேர்ந்து சாப்பிடும்போது யார் எதைச் சாப்பிட மாட்டார்கள் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கேட்டுவிடுங்கள், கூச்சம் வேண்டாம். மாடு, பன்றி, முட்டை, சிலருக்கு வெங்காயம் பூண்டு, சிலருக்குச் செவ்வாய் வெள்ளி. சைவத்துக்குத் தனிக் கத்தி, தனிக் கல். சைவச் சாண்ட்விச்சை முதலில் சுட்டு முடித்துவிட்டு மற்றதைப் போட்டால் சங்கடமே வராது. கட்டாயம் கேட்க வேண்டியது நிலக்கடலை ஒவ்வாமை. நம் சமையலில் எண்ணெயிலேயே அது இருக்கிறது, நமக்கு நினைவுக்குக்கூட வராது. ஒவ்வாமை உள்ளவருக்குக் கொஞ்சம் பட்டாலும் மூச்சுத் திணறலாம்.

ஐம்பது பேருக்குச் செய்ய எவ்வளவு வாங்க வேண்டும்?

ஆளுக்கு இரண்டு என்றால் 100 சாண்ட்விச், 200 துண்டு ரொட்டி. துண்டுக்கு 5 கிராம் வெண்ணெய் என்று 1 கிலோ. செய்து அடுக்கியதை நன்றாகப் பிழிந்த ஈரத்துணியால் மூடுங்கள், ஓரம் காயாது. தக்காளி வேண்டவே வேண்டாம்.

ஓரத்தை வெட்டிவிட வேண்டுமா?

பிள்ளைகள் கேட்டால் வெட்டுங்கள். வெட்டியதை வெயிலில் மொறுமொறுப்பாகக் காயவைத்துப் பொடித்தால் கட்லெட்டுக்கு ஆச்சு. உப்புமாவும் கிண்டலாம், எங்கள் வீட்டில் அதற்கு மட்டும் ஆள் இல்லை.

வீட்டில் ரொட்டியே இல்லை, பிள்ளை சாண்ட்விச் கேட்கிறது. என்ன செய்ய?

முந்தின நாள் இட்லியை எடுத்து, குறுக்கே இரண்டாக அரியுங்கள். உள்பக்கம் கடலைக்காய்ச் சட்னி, துருவிய கேரட், வெங்காயம். மூடி, நல்லெண்ணெய் விட்ட தோசைக்கல்லில் இரண்டு பக்கமும் சிவக்க விடுங்கள். சொம்பை மட்டும் மேலே வைக்காதீர்கள், இட்லி தாங்காது.